மருத்துவ ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி

மருத்துவ ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்பது, மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கற்பித்தலிலும் மதிப்பீட்டிலும் பயன்படுத்தவும், அக்கருவிகளின் இயல்பையும் குறைகளையும் மாணவர்களுக்கு விளக்கவும் பெறும் பயிற்சியைக் குறிக்கும். கருவியைக் கொண்டு கற்பிப்பதும் கருவியைப் பற்றிக் கற்பிப்பதும் வெவ்வேறு திறன்கள் ஆகும். முதலாவதை ஒரு நாள் பயிலரங்கில் செய்து காட்டிவிடலாம். இரண்டாவதற்குக் கூடுதல் காலம் வேண்டும். எனினும் நோயாளியின் நலனோடு நேரடியாகத் தொடர்புடையது அதுவே.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பின்னர் இத்துறை பரவலான கவனத்தைப் பெற்றது. மாணவர்கள் கைப்பேசியில் இக்கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட நிலையில், அவர்களுடைய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சிகள் பின்னரே தொடங்கின. இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இப்பயிற்சிக்கான அமைப்புகளையும் பயிற்சியின் உள்ளடக்கத்தையும் விவரிக்கிறது. எடுத்துக்காட்டாகத் திருப்பூர் நெசவு, பின்னலாடை வட்டாரத்தின் சூழல் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்தியாவில் மருத்துவ ஆசிரியர் பயிற்சி

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவருக்குக் கல்வியியல் பட்டம் தேவை. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவருக்கு அத்தகைய பட்டம் கேட்கப்படுவதில்லை. தம் துறையில் முதுநிலை மருத்துவப் பட்டம் பெற்றிருந்தால் போதும். சிறந்த அறுவை மருத்துவர் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. இதை மாற்றும் முயற்சியாக 1970களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது.

இந்திய மருத்துவக் கழகத்தின் 1997 ஆம் ஆண்டு விதிமுறைகள் மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்வி அலகு அமைக்க வழிசெய்தன. 2009 முதல் மருத்துவக் கல்வித் தொழில்நுட்பத்தில் அடிப்படைப் பயிற்சி, வட்டார மையங்கள் வழியாக நாடு முழுவதும் நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னை சிறீ ராமச்சந்திரா ஆகியவை இம்மையங்களில் குறிப்பிடத்தக்கவை. கோயம்புத்தூர் பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 இல் ஃபெய்மர் வட்டார நிறுவனம் தொடங்கப்பட்டது. மூன்று நாள் பயிலரங்கு போலன்றி இது இரண்டாண்டுப் பயிற்சி. ஒவ்வொரு ஆசிரியரும் தம் கல்லூரியில் ஒரு கல்விச் செயல்திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும்.

2019 இல் திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த அமைப்பு பெரிய அளவில் பயன்பட்டது. சில மையங்களில் பயிற்சி பெற்றவர்கள் தம் கல்லூரிக்குத் திரும்பி மற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். 2020 செப்டம்பர் 25 அன்று இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆணையத்தின் 2022 ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதி விதிமுறைகள், பதவி உயர்வுக்கு இரண்டு பயிற்சிகளைக் கட்டாயமாக்கின. ஒன்று மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சி. மற்றொன்று உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் பயிற்சி. இதைச் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. செயற்கை நுண்ணறிவு அவ்விதிமுறைகளில் தனிப் பயிற்சியாக இடம்பெறவில்லை. ஆயினும், அதைக் கற்பிக்கப் புதிய கட்டமைப்பு எதுவும் தேவையில்லை என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. பாதை ஏற்கனவே போடப்பட்டுள்ளது.

முன்வரலாறு: மைசின், கைடன்

மருத்துவக் கற்பித்தலில் செயற்கை நுண்ணறிவு 2022 இல் திடீரெனத் தோன்றியதன்று. 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் முதலியோர் மைசின் என்ற நிரலை உருவாக்கினர். குருதியில் பரவும் கடுமையான பாக்டீரியத் தொற்றுகளுக்கு எந்த நுண்ணுயிர் எதிரியைத் தருவது என்று நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு அது பரிந்துரைத்தது. இந்த விதிகளையே பாடப்பொருளாகக் கொண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிரலாக வில்லியம் கிளான்சி கைடன் என்பதை அமைத்தார்.

கைடன் எதிர்பார்த்தபடி கற்பிக்கவில்லை. அதன் காரணத்தைக் கிளான்சி 1983 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் தரக்கூடாது என்பது மைசினின் விதிகளுள் ஒன்று. விதி சரியானது, அதைப் பின்பற்றினால் மருத்துவம் தவறாது. ஆனால் ஏன் தரக்கூடாது என்று மாணவர் கேட்டால் நிரலில் விடை இல்லை. வளரும் எலும்பிலும் பல்லிலும் அம்மருந்து படிந்து பற்களை நிரந்தரமாக நிறம் மாற்றும் என்ற காரணம் விதியை எழுதிய மருத்துவரின் மனத்தில் இருந்தது, நிரலில் எழுதப்படவில்லை. காரணம் தெரிந்த மருத்துவர், உயிருக்கு ஆபத்தான நிலையில் அவ்விதியை மீறவும் கூடும். விதியை மட்டும் அறிந்தவரால் அது முடியாது.

சரியான விடையைத் தருவதும் கற்பிப்பதும் ஒன்றல்ல என்ற இம்முடிவு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இப்பயிற்சியின் மையக் கருத்தாக இருக்கத் தகுந்தது. இன்றைய மொழி மாதிரிகளின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அவை கேட்டவுடன் காரணம் சொல்கின்றன, சரளமாகவும் சொல்கின்றன. ஆனால் அச்சொற்கள் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கும் முறையில் உருவாகின்றன. சொல்லப்படும் காரணமே விடையை உருவாக்கியது என்பதற்கு உறுதி இல்லை. அக்காரணம் உண்மை என்பதற்கும் உறுதி இல்லை. மைசினில் காரணம் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது. மொழி மாதிரியில் அது தெரிவதில்லை.

படங்களைப் படிக்கும் கருவிகள்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு இத்துறையில் நேரடிப் பங்கு உண்டு. நீரிழிவால் ஏற்படும் விழித்திரைப் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் ஆழ்கற்றல் நிரல் ஒன்றைப் பற்றிக் கூகுள் ஆய்வாளர்கள் 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினர். இந்நிரல் பின்னர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2019 இல் வெளியான முடிவுகளின்படி அதன் கணிப்பு, கையால் தரம்பிரித்த மருத்துவர்களின் கணிப்புக்கு நிகராகவோ மேலாகவோ இருந்தது.

ஆய்வில் வென்ற கருவி களத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து அனுபவம் எடுத்துக்காட்டு. அங்கு 11 மருத்துவ நிலையங்களில் இதே வகை நிரல் பயன்படுத்தப்பட்டது. முதல் ஆறு மாதங்களில் செலுத்தப்பட்ட 1,838 படங்களில் 21 விழுக்காடு, தரம் போதாதென்று நிரலால் ஏற்கப்படவில்லை. செவிலியர்கள் படமெடுத்த அறைகள் எல்லா இடங்களிலும் போதிய அளவு இருட்டாக இல்லை. சில இடங்களில் இணைய வேகமும் குறைவாக இருந்தது. 2020 இல் வெளியான இவ்வாய்வு, நிரலின் துல்லியத்தைப் பற்றியதன்று. அதைச் சுற்றியுள்ள அறை, விளக்கு, வரிசையில் காத்திருக்கும் நோயாளி ஆகியவற்றைப் பற்றியது. கண் மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்து நடத்துவது, பல மணி நேர விரிவுரையை விடப் பயன்தரும் எனலாம்.

மார்பு ஊடுகதிர்ப் படங்களிலும் இதை ஒத்த அனுபவம் உண்டு. நுரையீரல் அழற்சியைக் கண்டறியப் பயிற்றுவிக்கப்பட்ட நிரல், தான் பயின்ற மருத்துவமனைக்கு வெளியே சென்றபோது பொதுவாகத் திறன் குறைந்ததை 2018 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில், ஒரு படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை நிரலால் ஏறத்தாழ பிழையின்றிச் சொல்ல முடிந்தது. நோய் அதிகமுள்ள மருத்துவமனையை அடையாளம் கண்டாலே, நோயைப் பாராமலே பாதி விடை சொல்லிவிடலாம் அல்லவா? இதற்கிடையில் காசநோய்ப் பரிசோதனையில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் ஊடுகதிர்ப் படங்களைக் கணினியால் படிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. ஆகவே இக்கருவிகளைத் தவிர்க்கச் சொல்வது பயிற்சியின் நோக்கமாக இருக்க முடியாது.

பயிற்சியின் உள்ளடக்கம்

ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் திறன் சட்டகம் ஒன்றை யுனெசுக்கோ 2024 இல் வெளியிட்டது. இது ஐந்து கூறுகளில் 15 திறன்களை மூன்று படிநிலைகளாக வகுக்கிறது. இச்சட்டகம் எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவானது. மருத்துவ ஆசிரியருக்குரிய தனித்தன்மை, அவர் வகுப்பறையில் மட்டும் அல்லாமல் நோயாளியின் கட்டிலருகிலும் கற்பிக்கிறார் என்பதே. சுகாதாரத் துறைக் கல்வியில் செயற்கை நுண்ணறிவின் நெறிசார்ந்த பயன்பாடு குறித்து ஐரோப்பிய மருத்துவக் கல்விச் சங்கமான அமீ, 2023 இல் தன் 158 ஆம் வழிகாட்டியை வெளியிட்டுள்ளது.

எண்ணறிவு. நிரலைக் கட்டமைக்கும் கணிதம் மருத்துவ ஆசிரியருக்குத் தேவையில்லை. அவர் அறிந்த நோய்ப்பரவலியலே பெரும்பாலும் போதுமானது. ஒரு கருவியின் உணர்திறன் 90 விழுக்காடு, தனித்திறன் 90 விழுக்காடு எனக் கொள்வோம். பெரிய மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு நோய் இருப்பின், கருவி 180 பேரைச் சரியாகவும் 80 பேரைத் தவறாகவும் நோயுள்ளவர் எனக் காட்டும். காட்டப்பட்ட 260 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினருக்கு நோய் உண்டு. அதே கருவியைக் கிராமத்து முகாமுக்குக் கொண்டுசென்று, அங்கு 1,000 பேரில் 10 பேருக்கே நோய் இருப்பின், 9 பேர் சரியாகவும் 99 பேர் தவறாகவும் காட்டப்படுவர். இப்போது காட்டப்பட்ட 108 பேரில் நோயுள்ளவர் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரே. கருவி மாறவில்லை; மக்கள் மாறினர். சமூக மருத்துவத் துறை ஆசிரியர்கள் இக்கணக்கைப் பல்லாண்டுகளாக வேறு பரிசோதனைகளுக்கு நடத்தி வருகின்றனர். அதைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பொருத்திக் காட்டுவதே பயிற்சியின் வேலை.

வினா அமைத்தல். மொழி மாதிரிகளிடம் பலவுள் தெரிவு வினாக்களை எழுதச் சொல்வது ஆசிரியர்களிடையே எளிதில் பரவக்கூடிய பயன்பாடு. சில நிமிடங்களில் ஐம்பது வினாக்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றுக்கு இரண்டு சரியான விடைகள் இருக்கலாம். சரியான விடை மட்டும் நீளமாக எழுதப்பட்டிருக்கலாம். மருந்தளவு வேறொரு நாட்டின் நடைமுறையாக இருக்கலாம். இல்லாத ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதும் இக்கருவிகளின் அறியப்பட்ட வழுவாகும். ஐம்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் மிச்சமாகும் நேரம் முதலில் தோன்றியதைவிடக் குறைவு. நல்ல பயிலரங்கு, வினாக்களை உருவாக்கக் காட்டுவதோடு நில்லாமல், உருவானவற்றில் பிழை கண்டுபிடிக்கும் வேலையை ஆசிரியர்களுக்கே தரும்.

மதிப்பீடு. ஐக்கிய அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் வினாக்களுக்குச் சாட்ஜிபிடி தேர்ச்சி எல்லையிலோ அதை ஒட்டியோ விடையளித்ததாக 2023 பெப்ரவரியில் ஓர் ஆய்வு வெளியானது. வீட்டில் எழுதிவரும் ஒப்படைப்பை மட்டும் கொண்டு மாணவரை மதிப்பிட முடியாது என்பது இதனால் உறுதியாயிற்று. எழுதியவர் மாணவரா நிரலா என்று கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்களும் நம்பத்தக்கவையாக இல்லை. வாய்மொழித் தேர்வும், நோயாளியை மாணவர் நேரில் பரிசோதிக்கும்போது ஆசிரியர் கவனிக்கும் முறையும் மருத்துவக் கல்வியில் முன்பே உள்ளவை. பழைய முறைகள் என்று கருதப்பட்ட இவற்றின் மதிப்பு இப்போது கூடியிருப்பது குறிப்பிடத்தக்கது.

நோயாளர் நேர்வுகள். நோயாளியைப் போல உரையாடும்படி மொழி மாதிரியைப் பணித்து, மாணவரை அதனிடம் நோய் வரலாறு கேட்கச் செய்யலாம். உண்மையான நோயாளியைச் சோர்வுறச் செய்யாமல் பலமுறை பயிலலாம் என்பது இதன் நன்மை. இதன் குறையை அடுத்த பகுதி விளக்குகிறது.

திருப்பூர் வட்டாரச் சூழல்

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. ஆண்டுக்கு 100 மாணவர்கள் இளநிலை மருத்துவத்தில் சேர்க்கப்படுகின்றனர். முதல் அணி மாணவர்கள் சேர்ந்த அதே ஆண்டின் இறுதியில்தான் சாட்ஜிபிடி வெளியானது. ஆக, இக்கருவிகள் இல்லாத காலத்தில் இயங்கிய அனுபவமே ஏறத்தாழ இல்லாத கல்லூரி இது.

இதன் சுற்றுவட்டாரத்தில், பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையே கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் பொங்கலூர் அமைந்துள்ளது. இவ்வூர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் ஆகும். நூற்பாலைகள், விசைத்தறிக் கூடங்கள், கோழிப்பண்ணைகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் என்பது இப்பகுதியின் தொழில் அமைப்பு. இங்குள்ள மருத்துவரிடம் வரும் இருமலும் மூச்சுத்திணறலும் இத்தொழில்களோடு தொடர்புடையவையாக இருக்க வாய்ப்பு உண்டு.

நூற்பாலையின் புளோரூம், கார்டிங் பகுதிகளில் பஞ்சுத்தூசு மிகுதி. அத்தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குப் பிசினோசிஸ் எனப்படும் நுரையீரல் நோய் வரக்கூடும். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் மிகுந்து, நாள் செல்லச் செல்லக் குறைவது இதன் தொடக்க அடையாளம். பாடநூல்கள் இதைத் திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் என்று குறிப்பிடுகின்றன. மருத்துவர் தொழிலைக் கேட்காவிட்டால் இது ஆஸ்துமா என்றே எழுதப்படும்; மூச்சிழுப்பானும் தரப்படும்; தொழிலாளி மறுநாள் அதே புளோரூமுக்குத் திரும்புவார்.

இப்பிழை மருத்துவத்தோடு முடிவதில்லை. பிசினோசிஸ், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. 1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகவும் இருந்தது. ஆஸ்துமா என்று எழுதப்பட்ட சீட்டைக் கொண்டு தொழிலாளி இழப்பீடு கோருவது கடினம். நோய்ப்பெயரில் உள்ள ஒரு சொல், ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

இணையத்தில் பெருமளவு உள்ள மருத்துவ எழுத்து, பருத்தி ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்ட நாடுகளில் எழுதப்பட்டது. அதிலிருந்து பயின்ற மாதிரியிடம் மூச்சுத்திணறல் உள்ள முப்பது வயது நோயாளியின் நேர்வு ஒன்றைக் கேட்டால், ஆஸ்துமா, நுரையீரல் அழற்சி போன்ற பொதுவான நேர்வு வருவதையே எதிர்பார்க்க வேண்டும். நூற்பாலைத் தொழிலாளி என்று ஆசிரியர் குறிப்பிட்டுக் கேட்டால் பிசினோசிஸ் வரும். அதாவது, கருவியிடம் அறிவு இல்லாமல் இல்லை. கேட்க வேண்டும் என்று அறிந்த ஆசிரியர் தேவை. தொழிலைக் கேட்கப் பழகாத மாணவர் கருவியிடமும் அதைச் சொல்லப்போவதில்லை. இவ்வட்டாரத்தில் பயிற்சி நடத்துவோர் சாயப்பட்டறைத் தொழிலாளியின் தோல் அழற்சி, கோழிப்பண்ணையாளரின் சுவாசக் கோளாறு, நாள் முழுதும் தைக்கும் பெண்ணின் கழுத்து வலி முதலிய நேர்வுகளை ஆசிரியர்களைக் கொண்டே எழுதச் செய்து, பின்னர் கருவி எழுதியவற்றோடு ஒப்பிடச் செய்வது பொருத்தமாக இருக்கும்.

மொழியும் கவனிக்கத்தக்கது. நோயாளி இளைப்பு என்று சொன்னால் பெரும்பாலும் மூச்சிரைப்பைக் குறிப்பார். உடல் இளைத்துவிட்டது என்றால் எடை குறைவு. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவதால் மொழிபெயர்ப்பில் மயக்கம் நேர இடமுண்டு; காசநோயை ஐயுறும் மருத்துவருக்கோ இரண்டுமே தேவையான தகவல்கள். மாதிரி பேசும் தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழாக உள்ளது. கொங்கு வட்டாரத்து மூதாட்டி ஒருவர் அப்படிப் பேசமாட்டார். பொதுச் சொல்லைக் கொண்டு பயின்ற மாணவர் வட்டாரச் சொல்லைப் புறநோயாளர் பிரிவில்தான் கற்க வேண்டியிருக்கும். திறன்சார் பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் நடத்தப்படும் அடித்தளப் படிப்பில் மொழித் திறனும் கணினித் திறனும் இடம்பெற்றுள்ளன. இவ்விரண்டையும் இணைத்து நடத்த அங்கு இடம் உண்டு.

திறன் இழப்பு

கருவியைப் பயன்படுத்துவதால் மருத்துவரின் சொந்தத் திறன் குறையுமா என்ற கேள்வி நெடுநாள் ஊகமாகவே இருந்தது. போலந்தில் நான்கு மையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2025 இல் வெளியாயிற்று. பெருங்குடல் உள்நோக்கியில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் காட்டித்தரும் கருவி அங்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதன்பின் அக்கருவி இல்லாமல் செய்யப்பட்ட பரிசோதனைகளில், கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இது கவனிப்பு ஆய்வே ஆதலால் வேறு காரணங்களும் இருக்கக்கூடும். எனினும் ஆய்வில் இருந்தவர்கள் அனுபவம் மிக்க மருத்துவர்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அவர்கள் பெற்றிருந்த திறனை ஓரளவு இழந்தனர். மாணவர் நிலை வேறு. அவர் அத்திறனை இன்னும் பெறவே இல்லை. ஊடுகதிர்ப் படத்தைத் தானே படிக்கும் முன்னர் கருவியின் விடையைப் பார்த்துப் பழகியவருக்கு, கருவி தவறும்போது அதை அறிய வழியில்லை. எனவே மாணவர் முதலில் தம் முடிவை எழுதிவைத்துவிட்டு, அதன்பின் கருவியின் முடிவைப் பார்த்து, இரண்டும் வேறுபட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்ற வரிசை பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வரிசையை மாற்றாமல் காப்பதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, ஆசிரியரின் கண்டிப்பு போதும்.

நெறிமுறைகளும் சட்டமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உயிர்மருத்துவ ஆய்விலும் மருத்துவச் சேவையிலும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை 2023 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகத்தில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாடு அரசு, பாதுகாப்பான நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை 2020 இலேயே வெளியிட்டிருந்தது.

ஆசிரியரின் அன்றாடத்தில் இவை எளிய வடிவில் வருகின்றன. நோயாளியின் ஊடுகதிர்ப் படத்தைக் கைப்பேசியில் பிடித்து இணையத்தில் உள்ள கருவியிடம் காட்டினால், படத்தின் மூலையில் அச்சிடப்பட்ட பெயரும் வயதும் மருத்துவமனை எண்ணும் உடன் செல்கின்றன. பெயரை மறைத்தாலும், சிறிய ஊரில் அரிய நோயும் தொழிலும் வயதும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டு வாசலில் அமர்ந்து கேட்டறிந்த விவரங்களை ஒழுங்குபடுத்தித் தருமாறு அவர் மொழி மாதிரியைக் கேட்பது இயல்பு. அக்குடும்பம் இதற்கு ஒப்புதல் தந்ததா என்பதை மாணவரிடம் கேட்க வேண்டியவர் அவருடைய ஆசிரியர். 2019 முதல் பாடத்திட்டத்தில் உள்ள மனப்பாங்கு, நெறி, தொடர்பாடல் பகுதி இதற்கு உகந்த இடமாகும்.

விமர்சனங்களும் சிக்கல்களும்

இத்துறை ஆய்வுகளின் தரம் பற்றி ஐயம் உள்ளது. மருத்துவக் கல்வியில் செயற்கை நுண்ணறிவு குறித்து 2024 இல் வெளியான பரந்த மீளாய்வு ஒன்று 278 வெளியீடுகளைத் தொகுத்தது. எண்ணிக்கை பெரிதாயினும் பல, கருத்துரைகளும் சிறு முயற்சிகளின் விவரிப்புகளுமே. ஆசிரியர் பயிற்சியைப் பொறுத்தவரை அளவிட எளிதானது பங்கேற்றோரின் மனநிறைவு. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959 இல் முன்வைத்த நான்கு படிகளில் அது முதல் படி மட்டுமே. கற்றார்களா, நடைமுறையை மாற்றினார்களா, அதனால் மாணவரும் நோயாளியும் பயனடைந்தார்களா என்பவை அதற்கு மேலுள்ள படிகள். பயிலரங்கு முடிந்தவுடன் நிரப்பப்படும் தாள் இவற்றுக்கு விடை தராது.

நேரம் மற்றொரு சிக்கல். அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் புறநோயாளர் பிரிவையும் படுக்கைப் பிரிவையும் பார்த்துவிட்டே வகுப்புக்கு வருகிறார். கட்டாயப் பயிற்சிகள் ஏற்கனவே இரண்டு உள்ளன. மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, நடைபெறும் அடிப்படைப் பயிற்சியின் வினா அமைத்தல், மதிப்பீடு ஆகிய அமர்வுகளுக்குள்ளேயே இதைப் புகுத்துவது எளிது. பயிற்சிக்குக் காட்டப்படும் கருவி ஆறு மாதங்களில் மாறிவிடக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம். குறிப்பிட்ட மென்பொருளின் பொத்தான்களைக் கற்றவருக்கு அடுத்த பதிப்பில் மீண்டும் பயிற்சி தேவைப்படும். பிழை காணக் கற்றவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

பயிற்சியை யார் நடத்துவது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் இலவசமாகப் பயிற்சி தர முன்வரும்போது அவற்றின் கருவியே பாடமாகிவிடுகிறது. மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசும் பயணச் செலவும் பெறுவதை இந்திய மருத்துவக் கழகத்தின் 2009 ஆம் ஆண்டு நன்னெறித் திருத்தம் தடை செய்தது. அதற்கான காரணங்கள் இங்கும் பெருமளவு பொருந்துகின்றன. மறுபுறம், மருத்துவக் கல்வி அலகுகளில் மருத்துவர்கள் மட்டுமே இருப்பதால் நிரலின் உள்ளியக்கத்தை விளக்க ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023 இல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது போன்ற முயற்சிகள் இவ்விடைவெளியைக் குறைக்கக்கூடும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றின் கணினித் துறை ஆசிரியர் ஒருவரையும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவரையும் ஒரே அமர்வில் நிறுத்துவதற்குப் பெரிய செலவு ஆகாது.